உருளைக்கிழங்குப் பாண்

பாண் என்ற சொல்லைக் கேட்டதும் பழந்தமிழ் கற்றோர்க்குப் பாணர் நினைவு வரும். யாழும் பண்ணும் தொடர்ந்து வரும். பதுளை நகரத்து மாணவனுக்கோ பாண் என்பது விடியற்காலையில் முச்சக்கர வண்டியில் வருவது. அந்த வண்டி பேத்தோவனின் மெட்டொன்றை ஒலித்துக்கொண்டே தெருத்தெருவாக ஏறி இறங்குவதால், இந்தப் பாணும் இசையோடுதான் வருகிறது என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. மாணவர் சிரிப்பர், சங்கப் பாணரையும் மறவார்.

ஆயினும் இரண்டும் வேறு சொற்கள். நாம் உண்ணும் பாண் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அதனை வேகவைக்கும் போறணையும் அவர்கள் வழி வந்ததே. ஒல்லாந்தர் தம் பங்குக்குக் கிழங்கொன்றுக்குப் பெயர் கொடுத்துச் சென்றனர். சிங்கள மக்கள் அர்த்தாபல் என்பது, 'மண் ஆப்பிள்' என்னும் பொருள்படும் ஒல்லாந்துச் சொல்லின் திரிபு. ஐரோப்பாவின் நடுவே வாழும் செக் மக்கள் அதே கிழங்கைப் பிரம்போர் என்பர். பிராண்டன்பூர்க் நாட்டிலிருந்து தமக்கு வந்ததென்று ஊர்ப்பெயரையே கிழங்குக்கு இட்டுவிட்டனர். தமிழன் மாத்திரம் வந்த ஊரையும் பாராமல், தந்தவனையும் பாராமல், வடிவத்தைக் கண்டு உருளைக்கிழங்கு என்றான். எனக்கு இந்தப் பெயரே நேர்மையானதாகப் படுகிறது.

அந்தச் செக் மக்கள் இக்கிழங்கை மாவோடு பிசைந்து பாண் சுடுகிறார்கள். இது ஆடம்பரத்தில் தோன்றியதன்று. 1770 முதல் 1772 வரை பொகீமியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தானியம் பொய்த்த நாட்டில், மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கின் அருமை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. 1778இல் அங்கு மூண்ட போருக்கே 'உருளைக்கிழங்குப் போர்' என்று பட்டப்பெயர் உண்டு. படைகள் பொருததைவிட உணவு தேடி அலைந்ததே மிகுதியாம். இருக்கும் மாவைப் பெருக்கிக் காட்டவே வீட்டுப் பெண்கள் அதில் கிழங்கைக் கலந்தனர்.

இதைப் படித்தபோது என் மனம் பொகீமியாவில் நிற்கவில்லை. பசறைப் பக்கத்து லயமொன்றுக்கு ஓடிற்று. 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி புகுந்தது, அரிசிப் பங்கீடு சுருங்கிற்று, மாவுக்கும் தட்டுப்பாடு. தோட்டங்களில் மரண வீதம் ஏறியது ஏட்டிலே பதிவான செய்தி. நான் அப்போது தவழ்ந்து நடந்த பருவத்தினன். ஆதலால் என் அன்னையார் சொல்லக் கேட்டதே நான் அறிந்தது. லயத்துப் பின்புறத்துத் துண்டு நிலத்தில் கிளறியெடுத்த சுண்டைக்காய் அளவுக் கிழங்குகளை அவித்து, தோலோடு மசித்து, ஒரு பிடி மாவில் சேர்த்து ரொட்டி தட்டுவாராம். மாவு ஒரு பங்கு, கிழங்கு இரு பங்கு. செக் நாட்டைப் பற்றி அவர் கேட்டதுமில்லை.

தோட்டத்து ரொட்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. கூலியில் கழித்து அரிசியும் மாவும் கொடுக்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. கூலிக்கு உணவு என்றதும் திருவிளையாடற் புராணத்து வந்தி நினைவுக்கு வருகிறாள். உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொடுத்தவள் அவள். ஆனால் அங்கே கூலி பெற்றவன் இறைவன், தின்றுவிட்டு உறங்கினான். இங்கே கொழுந்து பறிக்கும் பெண் உறங்கவே நேரமில்லை. ரொட்டி சுட்ட அன்றே மென்மை. மறுநாள் அது தோல். ஆகையால் விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, காலைக்கும் நண்பகலுக்கும் பிள்ளைகளின் பெட்டிக்குமாகச் சேர்த்துச் சுட வேண்டும். ஒரு நாளும் தவறாது செய்யப்படும் இந்த வேலைக்கு எந்தக் கூலிப் பேச்சுவார்த்தையிலும் கணக்கில்லை.

இங்கேதான் கிழங்கின் குணம் பயன்படுகிறது. வெந்த கிழங்கின் மாச்சத்து முன்னமே நீரை உறிஞ்சிப் பருத்திருக்கிறது. அந்நீரை எளிதில் விடாது. எனவே கிழங்கு சேர்ந்த பாண் மூன்று நான்கு நாள் வரை மென்மை கெடாமல் இருக்கிறது. ஞாயிறு மாலை சுட்டது புதன் காலைக்கும் ஆகும். வாரத்தில் மூன்று விடியலாவது ஒரு தாய்க்கு மீளுமாயின் அது சிறிய காரியமா?

எங்கள் வீட்டில் செய்யும் முறை இது. கோதுமை மா 400 கிராம், குரக்கன் மா 100 கிராம். செக் மக்கள் ரை என்னும் தானியத்து மாவைச் சேர்ப்பர். ஊவாவில் அதற்கு ஈடு குரக்கனே. அவித்து மசித்த கிழங்கு 250 கிராம், உப்பு 10 கிராம், உலர்ந்த ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. முன்னாளில் ஈஸ்டுக்குப் பதில் கள் விட்டுப் புளிக்க வைத்தனர். பள்ளி ஆசிரியன் வீட்டில் அது பேச்சுக்கு இடமாகுமென்று என் மனைவி மறுத்துவிட்டார். அவர்கள் சீமைச் சீரகம் தூவுவர். நாங்கள் நற்சீரகம் தூவுகிறோம். கிழங்கு அவித்த நீரைக் கொட்டலாகாது. அது இளஞ்சூடானதும் ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் எடுத்து, சிறிது சிறிதாக விட்டுப் பிசைய வேண்டும். கிழங்கு பிசையப் பிசைய நீர் விடும். முழு நீரையும் ஒருங்கே ஊற்றினால் மாக் கூழாகிவிடும்.

பிசைந்த மா இருமடங்காகப் பொங்கும்வரை மூடி வைக்க வேண்டும். பதுளை நகரில் ஒன்றரை மணி நேரம் போதும். பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில் அடுப்பங்கரையில் வைத்தாலும் இரட்டிப்பு நேரம் ஆகலாம். பின்பு உருட்டி, மீண்டும் அரைமணி நேரம் விட்டு, 200 பாகைச் சூட்டில் முக்கால் மணி நேரம் சுட வேண்டும். அடியில் விரலால் தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டிய ஓசை எழும், அதுவே பதம். ஆறுமுன் வெட்டலாகாது.

லயத்தில் போறணை ஏது என்பீர்கள். கனத்த இரும்புச் சட்டியில் வைத்து மூடி, மூடியின் மேலும் அடியிலும் தணல் பரப்பிச் சுடலாம். நத்தாருக்குக் கேக் சுடும் வீடுகள் அறிந்த வித்தைதான். விறகுச் செலவு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். கடையில் விலை கொடுத்து வாங்கினால் உருளைக்கிழங்கு மாவைவிட மலிவென்றும் சொல்ல மாட்டேன். வெலிமடைப் பக்கத்தில் வயலில் நெல் அறுத்த பின் கிழங்கு நடுவார்கள். அறுவடையில் சந்தைக்கு ஏறாத பொடிக்கிழங்கு மிஞ்சும். அதுவும் வீட்டுத் துண்டில் விளைவதுமே இந்தப் பாணுக்கு உரியவை.

2022இல் மாவின் விலை ஏறி, கடைகளில் மாவே இல்லாதிருந்த நாள்களில் என் வகுப்பில் ஒரு மாணவி உணவுப் பெட்டியை மூடியின் மறைவில் வைத்து உண்டாள். உள்ளே கிழங்கு ரொட்டி. அவளுடைய தாயார் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது இந்தப் பாணில் ஒரு துண்டைக் கொடுத்தேன். மூன்று நாளைக்கு முன் சுட்டது என்றேன். அவர் அதை விரலால் அழுத்திப் பார்த்தார், முகர்ந்தார், பாதியைப் பிள்ளைக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சேர், கட்டைச் சம்பலோட ஒத்து வருமா?" என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி.

நன்றாக ஒத்து வருகிறது.