வடக்கும் கிழக்கும் இருண்டபோதும் கொல்கத்தாவில் கரன்ட்! தெரியுமா?

ஹூக்ளி நதிக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடியதை 2024-ல் நாடே வாய் பிளந்து பார்த்தது. அதற்கு 93 ஆண்டு முன்பே, 1931-ல், அதே நதிக்கு அடியில் சுரங்கம் அமைத்து மின்கேபிள் கொண்டுபோய்விட்டார்கள், தெரியுமா? செய்தது கல்கத்தா எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன், இன்றைய சி.இ.எஸ்.சி.!

இந்த நிறுவனத்தின் முதல் மின்நிலையம் ஓடத் தொடங்கிய நாள் 1899 ஏப்ரல் 17. திறன் எவ்வளவு? வெறும் 1,000 கிலோவாட்! இன்று பட்ஜ்பட்ஜ் அனல்மின் நிலையம் மட்டுமே 750 மெகாவாட். 750 மடங்கு!

2012 ஜூலை 31 நினைவிருக்கிறதா? வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் ஒரே மதியத்தில் படுத்துவிட்டன. 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை! அந்தப் பேரிருளிலும் கொல்கத்தாவின் சி.இ.எஸ்.சி. பகுதி அணையவில்லை! எப்படி? தள்ளாடும் தொகுப்பிலிருந்து சட்டெனக் கழன்று, சொந்த மின்நிலையங்களை நம்பித் தனித் தீவாக நின்றது! அடேங்கப்பா!

நம் தமிழ்நாடு ஏன் தப்பியது? தென் மின்தொகுப்பு அப்போது தனி! வடக்கோடு ஒரே துடிப்பில் இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான்!

சி.இ.எஸ்.சி. போலச் சட்டெனக் கழன்றுகொள்ள எவ்வளவு வேகம் வேண்டும், யோசித்தீர்களா? இன்றைய டிஜிட்டல் சப்ஸ்டேஷன் (துணை மின்நிலையம்) மின்னோட்டத்தை நொடிக்கு 4,000 முறை அளக்கிறது! கோளாறு தெரிந்ததும் கோளாறைக் கண்டறியும் ரிலேயிலிருந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கருக்கு ‘திற’ என்ற கட்டளை போய்ச் சேர 3 மில்லிநொடி போதும்! செம்பு வயர் கட்டுகளுக்குப் பதில் அங்கே ஓடுவது மெல்லிய கண்ணாடி இழை!

ஆளே இல்லாமல் சப்ஸ்டேஷன் ஓடுமா? ஓடும்! ஹரியானாவின் மானேசரில் உட்கார்ந்து, மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் பவர்கிரிட் நிறுவனத்தின் நாடெங்கும் உள்ள சப்ஸ்டேஷன்களை இயக்குகிறார்கள்!

கொல்கத்தா போன்ற நெரிசல் நகரத்தில் சப்ஸ்டேஷன் யார்டுக்கு இடம் ஏது? கவலையே வேண்டாம்! கருவிகளை சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு வாயு நிரம்பிய உலோகக் குழாய்களுக்குள் அடைத்துவிட்டால், பத்தில் ஒரு பங்கு இடமே போதும்!

ஆனால் அந்த வாயு 1 கிலோ கசிந்தால் என்ன ஆகும் தெரியுமா? 23,000 கிலோவுக்கும் மேலான கரியமில வாயு பூமியைச் சுடுவதற்குச் சமம்! அதனால்தான் உலகெங்கும் பொறியாளர்கள் இப்போது வெற்றிடத்தையும் உலர்ந்த காற்றையும் வைத்தே புதிய பிரேக்கர்களைச் செய்துவருகிறார்கள்!