பையைத் திறக்கும் முன்
பொதுச் சுகாதாரம்: தொடர் – 12

மருத்துவமனைச் செவிலியருக்குக் கட்டில் எண். பொதுச் சுகாதாரச் செவிலியருக்குக் கதவு எண். இரண்டு வேலைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். வார்டில் நோயாளி செவிலியரைத் தேடி வருகிறார். அங்கே சட்டம் செவிலியருடையது. ஊருக்குள் செவிலியர் வீடு தேடிப் போகிறார். அங்கே சட்டம் வீட்டுக்காரருடையது. நோய் வந்தவர், வரக்கூடியவர், வராமல் காக்க வேண்டியவர் என எல்லோரும் அவர் கணக்கில் வருவார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது இந்தியாவில் வழங்கிவரும் அளவுகோல். அந்த 5,000 பேரையும் வீடு வீடாக அறிந்தவர்தான் கிராம சுகாதார செவிலியர். ஊர் வழக்கில் அவர் ‘நர்சம்மா’.

இந்த வேலையைப் பாடமாகப் படிப்பவர்கள் மூன்று வகை. 2 ஆண்டு ஏ.என்.எம்., 3 ஆண்டு ஜி.என்.எம்., 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். முதல் படிப்பின் மையமே ஊர்ப்பணிதான். பி.எஸ்சி. நர்சிங்கில் இந்திய நர்சிங் கவுன்சிலின் இப்போதைய பாடத்திட்டப்படி 5வது, 7வது பருவங்களில் சமுதாய நலச் செவிலியம் வருகிறது. வகுப்புப் பாடத்தோடு கிராமத்திலும் நகரத்திலும் களப்பயிற்சி உண்டு.

தென்னாற்காட்டின் தொடர்ச்சி

இந்தக் களப்பயிற்சியை விழுப்புரம் வட்டாரத்தை வைத்துப் பார்க்கலாம். விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. ஊர்ச் செவிலியருக்கான பயிற்சியில் அந்த மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. அதன் பின்னணியில் இரண்டு தேசியக் குழுக்கள் உள்ளன. 1946இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழு, நோய்த்தடுப்பும் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்றது. மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்பநலத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாக வீடேறும் ஊழியர்களுக்குப் பதிலாகப் பல்நோக்குப் பணியாளர் வேண்டும் என்று 1973இல் கர்தார் சிங் குழு பரிந்துரைத்தது. பல வேலைகளை ஒரே ஆள் செய்ய வேண்டுமானால் அவருக்கு முதலில் தேவைப்படுவது பயிற்சி.

1980களில் டென்மார்க் அரசின் டானிடா உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவை சேலமும் தென்னாற்காடும். துணை சுகாதார நிலையங்களுக்குக் கட்டடம், ஊழியர்களுக்குப் பயிற்சி ஆகியவை அதன் முக்கியப் பணிகள். செவிலியர் குடியிருக்கவும் மக்கள் தேடி வரவும் ஓர் இடம் ஊருக்குள் இருந்தால்தான் பணி நிலைக்கும் என்பது அதன் அடிப்படை. பொதுச் சுகாதாரத் துறையின் சுகாதார மனிதவள மேம்பாட்டு நிறுவனங்கள் இன்று இருப்பதும் விழுப்புரத்திலும் சேலத்திலும்தான். புதியவர்களுக்கான பயிற்சியும் பணியில் உள்ளவர்களுக்கான புத்தறிவுப் பயிற்சியும் நடக்கும் இடங்கள் இவை. முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் திண்டிவனம் அரசு மருத்துவமனையும் சிகிச்சைப் பக்கத்தைக் காட்டுகின்றன. மறுபக்கத்தைக் காட்டுபவை ஒன்றியங்களில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள்.

முதல் பாடம்: வரைபடம்

களப்பயிற்சி பெரும்பாலும் ஸ்டெதஸ்கோப்போடு தொடங்குவதில்லை; ஒரு வெள்ளைத் தாளோடுதான் தொடங்குகிறது. ஊரைச் சுற்றி நடந்து மாணவிகள் படம் வரைகிறார்கள். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, கைப்பம்பு, அங்கன்வாடி, ரேஷன் கடை, பள்ளி, கோயில், பேருந்து நிற்கும் இடம், சாக்கடை தேங்கும் இடம் என எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். ஊரும் காலனியும் தனித்தனியே இருக்கும் கிராமங்களில் ஊரை மட்டும் வரைந்துவிட்டுத் திரும்பும் தாளை வழிகாட்டும் செவிலியர் ஏற்பதில்லை. தடுப்பூசி விடுபட்ட குழந்தையும் பதிவாகாத கர்ப்பிணியும் பெரும்பாலும் படத்தின் ஓரத்தில்தான் இருப்பார்கள்: காலனியின் கடைசித் தெரு, செங்கல் சூளைக் கொட்டகை, கரும்பு வெட்ட வந்தவர்கள் தங்கிய குடிசை.

விழுப்புரம் மாவட்டத்தின் நில அமைப்பே இந்தப் பாடத்துக்கு வளம் சேர்க்கிறது. மரக்காணத்தில் உப்பளமும் மீனவர் குப்பங்களும்; செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கம் மானாவாரி நிலமும் பாறைக் குன்றும்; விழுப்புரம், திண்டிவனம் நகரங்களில் நெருக்கமான வாடகை வீடுகள். உப்பளத்தில் வேலை செய்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கண்ணையும் பாதத்தையும் பற்றியது. வெயிலில் உப்பு கண்ணைக் கூச வைக்கும், உப்புநீர் தோலை வெடிக்க வைக்கும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணைக் காலை 11 மணிக்கு வீட்டில் தேடிப் பயனில்லை. எந்த ஊரில் எந்த நேரத்தில் கதவு திறந்திருக்கும் என்பதும் பாடத்தில் சேர்ந்ததே.

படத்துக்கு அடுத்தது கணக்கெடுப்பு. குடும்பத்தில் எத்தனை பேர், 5 வயதுக்கு உட்பட்டோர் யார், கர்ப்பிணி உண்டா, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுபவர் யார், குடிநீர் எங்கிருந்து, கழிப்பறை புழக்கத்தில் இருக்கிறதா என்பவை கேள்விகள். கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டால் ‘இருக்கு’ என்று பதில் வரும். அதற்குள் விறகு அடுக்கியிருப்பது கேட்டுத் தெரிவதில்லை, பார்த்துத்தான் தெரியும். கேட்பதையும் பார்ப்பதையும் சேர்த்து எழுதுவதே கணக்கெடுப்பு.

பை

வீட்டுச் சந்திப்பில் மாணவியின் கையில் இருப்பது சுகாதாரப் பை. அதைக் கையாளும் முறைக்கு மாணவிகள் வழங்கும் பெயர் ‘பேக் டெக்னிக்’. ஒரு வீட்டின் கிருமியை அடுத்த வீட்டுக்குச் சுமந்து செல்லாதிருப்பது அதன் நோக்கம்.

வீட்டாரிடம் கேட்டு ஓர் இடம் பெற வேண்டும். அங்கே செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைக்க வேண்டும். வெளி உறையிலிருந்து சோப்பும் துண்டும் மட்டும் எடுத்துக் கை கழுவிய பிறகே பையின் உட்பகுதியைத் திறக்கலாம். தேவையான கருவிகளை ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு பையை மூடிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து, மீண்டும் கை கழுவி, எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். செய்தித்தாளின் அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். இதில் அடிக்கடி தவறும் படி ஒன்றுதான்: பாதி வேலையில் ‘டேப்பை மறந்துட்டேன்’ என்று கழுவாத கையோடு பைக்குள் துழாவுவது.

கை கழுவத் தண்ணீர் கேட்பதிலும் ஒரு பயன் உண்டு. தண்ணீர் எந்தக் குடத்திலிருந்து வருகிறது, குடம் மூடியிருக்கிறதா, மொண்டு தரும் சொம்புக்குக் கைப்பிடி உண்டா என்பவை அப்போதே தெரிந்துவிடும்.

கர்ப்பிணி வீட்டில்

கர்ப்பிணியின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 7க்குக் குறைந்தால் கடுமையானது, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மாணவிக்கு எண் மனப்பாடம். ஆனால் ‘இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறியாம்மா?’ என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ‘சாப்பிடறேன் சிஸ்டர்’ என்ற பதில்தான் வரும். அனுபவமுள்ள நர்சம்மா அப்படிக் கேட்பதில்லை. ‘மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாம்மா, பார்க்கலாம்’ என்பார். அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையே பதில் சொல்லிவிடும்.

நிறுத்தியதற்குக் காரணமும் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். மலம் கறுத்துப் போனதைக் கண்டு பயந்திருப்பார், வயிற்றைப் புரட்டியிருக்கும், மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கியதால் பலன் தெரியாமல் போயிருக்கும். மலம் கறுப்பது இரும்புச்சத்தின் நிறம், கெடுதல் இல்லை என்பதை முதல் அட்டை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று மாணவி கற்றுக்கொள்வது இப்படித்தான். உணவைப் பற்றிய பேச்சும் ஊர்ச் சந்தையை ஒட்டியே இருக்க வேண்டும். திண்டிவனம் வட்டாரம் நிலக்கடலைக்குப் பேர்போனது; அங்கே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வெல்லம் சேர்த்த கடலை உருண்டையும் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஆப்பிள் படம் போட்ட அட்டையை நீட்டுவதில் பொருளில்லை.

பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் பச்சிளம் குழந்தையை வீட்டில் பார்ப்பது தேசிய வழிமுறை. எடை, உடல் சூடு, தொப்புள்கொடி, தாய்ப்பால் குடிக்கும் விதம் ஆகியவை பார்க்கப்படும். சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, தொப்புளில் மஞ்சள் போன்ற பழக்கங்களைப் பாட்டியின் முகத்துக்கு நேரே கண்டித்தால் அடுத்த தடவை அந்தக் கதவு பாதிதான் திறக்கும். எது கெடுதல், எது கெடுதல் இல்லை என்று பிரித்து, பாட்டியையே துணையாக்கிக்கொள்வது நர்சம்மாவிடமிருந்து கற்கும் வித்தை.

புதன்கிழமை

தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. காலையில் தடுப்பூசிப் பெட்டியில் நான்கு பனிப்பொதிகளை வைப்பார்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் அடுக்கக்கூடாது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் ததும்பும் ஓசை கேட்க வேண்டும், அதன்பிறகே அடுக்கலாம். இல்லாவிட்டால் பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகள் உறைந்து கெட்டுவிடும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை என்ற விதி உச்சவரம்புக்கு மட்டும் உரியதன்று; அதிகக் குளிரும் ஆபத்து என்பது மாணவிக்கு அந்த ஓசையில்தான் புரிகிறது.

குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமானால் ஒதுக்கிவிட வேண்டும். தட்டம்மை–ரூபெல்லா, பி.சி.ஜி. ஆகியவற்றைக் கரைத்த நேரத்தைக் குப்பியில் எழுதி, 4 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஊசி போட்டபின் தாயிடம் நான்கு செய்திகள்: என்ன தடுப்பூசி எந்த நோய்க்கு, காய்ச்சலோ வீக்கமோ வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்து மறுமுறை கொண்டுவர வேண்டும். பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைத்துக் கவனிக்க வேண்டும். கூட்டம் சேர்ந்தால் முதலில் விடுபடுபவை இந்தச் செய்திகளும் அரை மணி நேரமும்தான். ஊசி போடும் கையை ஒருவரும் பேசும் வாயை இன்னொருவரும் பகிர்ந்துகொள்ளும்படி மாணவிகளை இரண்டிரண்டாக நிறுத்துவது இதற்கொரு வழி.

வழிகாட்டுதல்

ஆசிரியர் ஒருவருக்கு 10 மாணவர் என்பது நர்சிங் கல்வியில் ஏற்கப்பட்ட விகிதம். ஆனால் 10 பேர் சேர்ந்து ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. வீட்டுக்கு இருவர் போதும். அதனால் ஊரில் பாதிக்கு மேல் கற்பிப்பவர் கிராம சுகாதார செவிலியரே. அவருக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், அதற்கும் மேலே சமுதாய சுகாதார செவிலியர் என்று மேற்பார்வை அடுக்கு நீள்கிறது.

கற்பித்தல் நான்கு படியாக நகரும். முதல் வாரம் மாணவி பார்க்கிறார். பிறகு கூடச் சேர்ந்து செய்கிறார். அடுத்து அவர் செய்ய, நர்சம்மா பார்க்கிறார். கடைசியில் ஒதுக்கப்பட்ட குடும்பத்துக்கு மாணவியே போய்வந்து அறிக்கை தருகிறார். தவறைத் திருத்துவதற்கும் இடம் உண்டு. ரத்த அழுத்தப் பட்டையைத் தளர்வாகச் சுற்றியிருந்தால் அங்கேயே சரிசெய்யலாம், இல்லாவிட்டால் அளவு பிழையாகிவிடும். பேச்சில் வந்த தவறை வீட்டார் முன் திருத்தினால் மாணவியின் சொல்லுக்கு அங்கே மதிப்பிருக்காது. அதற்கு உரிய இடம் திரும்பி நடக்கும் வழி.

பதிவேடும் பாடமே. கர்ப்பிணி விவரங்கள் பிக்மி இணையதளத்தில் ஏறுகின்றன. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மருந்துகள் வீட்டுக்கே போகின்றன. பார்த்ததை அன்றே எழுதாவிட்டால் பார்த்ததற்குக் கணக்கில்லை.

இவையெல்லாம் ஒருசேரச் சோதிக்கப்படுவது பேரிடரின்போது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய வெள்ளத்துக்குப் பின் செவிலியப் பணி குடிநீரிலிருந்து தொடங்கும். தொட்டியில் குளோரின் கலந்து, கடைசிக் குழாயில் குளோராஸ்கோப் வைத்து மஞ்சள் நிறம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பேறுகாலம் நெருங்கியவர், இன்சுலின் போடுபவர், காசநோய் மருந்து சாப்பிடுபவர் யார், எந்தத் தெரு என்பது கையில் இருக்க வேண்டும். முதல் நாள் வரைந்த தாளும் குடும்பக் கணக்கும் அப்போது பயன்படும் கருவிகள்.

பயிற்சி முடியும் நாளில் மாணவி தனக்கு ஒதுக்கப்பட்ட குடும்பத்தை நர்சம்மாவிடம் திருப்பி ஒப்படைக்கிறார். கடைசியாக எடுத்த எடை, ரத்த அழுத்தம், அடுத்த பரிசோதனைத் தேதி, மாத்திரை எத்தனை மிச்சம், சொல்லியும் மாறாத பழக்கம் எது ஆகியவை ஒப்படைப்புக் குறிப்பில் இருக்க வேண்டும். வீட்டாரிடம் ‘இனி நர்சம்மா வருவாங்க’ என்று சொல்லி விடைபெற வேண்டும். குறிப்பைப் படித்து நர்சம்மா கையெழுத்திட்டதும் களப்பயிற்சி நிறைவடைகிறது.