20 லட்சம் அறைகள் எங்கே இருந்தன?

நல்லதண்ணியிலிருந்து இருட்டில் சிவனொளிபாதமலை ஏறுகிறவருக்கு டோர்ச் வெளிச்சம் விழும் நாலைந்து படிகள்தான் தெரியும். மிச்சப் படிகள் மலையிலேயே இருக்கின்றன. 1982இல் வெளிவந்த 'டெலன்கார்ட்' என்ற பாதாளக் கணனி விளையாட்டில் அந்த மிச்சம் எங்குமே இருக்கவில்லை. 50 தளங்கள், ஏறக்குறைய 20 லட்சம் அறைகள். அறைக்கு ஒரு பைட் என்றாலும் 20 லட்சம் பைட் வேண்டும். அது ஓடிய கொமடோர் 64 கணனியின் மொத்த நினைவகமே 65,536 பைட்தான். அப்படியானால் அறைகள் சேமித்து வைக்கப்படவில்லை, கால் வைக்கும் நேரத்தில் கணக்கிடப்பட்டன.

குருட்டாம்போக்கில் முளைத்தவையா என்று கேட்கலாம். இல்லை, அப்படியென்றால் திரும்பி வரும்போது சுவர் இடம் மாறியிருக்கும். நிற்கும் இடத்தின் எண்களை மாறாத தசம எண்களால் பெருக்கி, பின்னப் பகுதியை மட்டும் எடுப்பதுதான் சூத்திரம். உதாரணமாக, 7ஐ 1.618ஆல் பெருக்கினால் 11.326, கையில் நிற்பது .326. ஓரடி நகர்ந்து 8 ஆனால் .944. பக்கத்து அறைக்கு ஒட்டுறவே தெரியாது, ஆனாலும் 7 என்றைக்கும் .326தான். சுவரா, கதவா, படிக்கட்டா என்பதை அந்தப் பின்னம் தீர்மானிக்கிறது.

சூத்திரத்தில் மனிதக் கைவண்ணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. விளையாட்டை எழுதிய டேனியல் லாரன்ஸின் கைவண்ணம் அந்த எண்களைத் தேர்ந்ததில் இருக்கிறது: நம் உதாரணத்தில் 1.618க்குப் பதில் 1.5 வைத்தால் .5, 0, .5, 0 என்று இரண்டே வகை அறைகள்தான் மாறிமாறி வரும்.