மருந்தின் கதை – 14: கொடுக்குக்கு எட்டாத ஈயம்

இரண்டாம் உலகப் போரில் லூயிசைட் என்ற ஆர்செனிக் நச்சுப்பொருளை முறியடிக்க, ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழுவினர் உருவாக்கிய மருந்து டைமெர்காப்ரோல். அதன் வழியில் வந்ததுதான் சக்ஸிமர். முன்னது தசையில் ஆழமாகப் போட வேண்டிய, வலி மிகுந்த ஊசி. பின்னதை வாய்வழியே கொடுத்துவிடலாம். ரத்தத்தில் ஈயத்தின் அளவு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தாண்டிய குழந்தைகளுக்கு இதைத் தரலாம் என்று 1991-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. மருந்தின் மூலக்கூறு ஈய அணுவை இரு பக்கமும் கவ்விச் சிறுநீரோடு வெளியே இழுத்து வருகிறது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ‘கீலேட்’ என்ற பெயரே வந்தது. நம் வேதியியல் பாடநூல்களிலும் அது ‘கொடுக்கிணைப்பு’தான். உவமை பொருத்தமானது. ஆனால் நண்டுக்கு எட்டுகிற தூரம் எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை.

வயது வந்தவரின் உடலில் சேர்ந்த ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில் இருக்கிறது. கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. பல பத்தாண்டுகள் விடுவதில்லை. மருந்துக்கு எளிதில் கிடைப்பது ரத்தத்திலும் மென்திசுக்களிலும் உள்ள மிச்சம். அதனால் மருந்து தொடங்கியதும் ரத்த அளவு மளமளவென்று இறங்கும், நிறுத்தியதும் எலும்பிலிருந்து ஊறி மறுபடி ஏறும். சோதனைச் சீட்டில் எண் குறைவதைக் குணம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம் என்பதே என் வாதம். இதற்கான வலுவான சான்று அமெரிக்காவில் நான்கு நகரங்களில் நடந்த ஆய்வு. ரத்தத்தில் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை ஈயம் இருந்த 780 குழந்தைகள். எல்லோரும் மூன்று வயதுக்குட்பட்டவர்கள். பாதிப் பேருக்கு சக்ஸிமர், பாதிப் பேருக்கு வெற்று மருந்து. சக்ஸிமர் பெற்றவர்களின் ரத்த அளவு குறைந்தது உண்மை. மூன்றாண்டு கழித்து அறிவுத்திறனைச் சோதித்தபோது இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. முடிவு 2001-ல் வெளியானது. ஏழு வயதில் மீண்டும் சோதித்தார்கள். அப்போதும் இல்லை.

‘போதிய அளவு ஈயத்தை எடுக்கவில்லை, அதனால்தான் பலன் தெரியவில்லை’ என்று சிலர் மறுப்பார்கள். நியாயமான கேள்வி. ஈயம் ஊட்டிய எலிகளுக்கு சக்ஸிமர் கொடுத்தபோது கற்கும் திறன் ஓரளவு தேறியதாக 2007-ல் வந்த ஓர் ஆய்வே சொல்கிறது. ஆனால் அதே ஆய்வில், ஈயமே ஏறாத எலிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் கற்கும் திறன் நெடுநாள் கெட்டது. இதய நோயிலும் இப்படித்தான். மாரடைப்பு வந்தவர்களுக்கு இ.டி.டி.ஏ. என்ற இன்னொரு கொடுக்கு மருந்தை ஏற்றியதில் சிறு நன்மை இருந்ததாக 2013-ல் ஓர் ஆய்வு சொல்ல, பலருக்கு நம்பிக்கை பிறந்தது. அதைச் சரிபார்க்க, மாரடைப்போடு சர்க்கரை நோயும் உள்ள ஆயிரம் பேரிடம் மீண்டும் செய்த சோதனையின் முடிவு 2024-ல் வந்தது: ரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் குறைந்தது, இதயத்துக்குப் பலன் ஏதும் இல்லை.

எண்ணை நம்பும் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் ‘உடல் நச்சு நீக்கம்’ என்ற வியாபாரம் நடக்கிறது. முதலில் கொடுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் சிறுநீரைச் சோதிப்பார்கள். மருந்து சாப்பிட்டால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் கூடும். அதை மருந்து சாப்பிடாதவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டால் எல்லோரும் நோயாளிதான். இதில் உயிரும் போயிருக்கிறது. ஈயத்துக்குத் தர வேண்டியது கால்சியம் சேர்ந்த இ.டி.டி.ஏ. கால்சியம் இல்லாத இன்னொரு வகை ரத்தத்தின் கால்சியத்தையே பிடுங்கிவிடும், இதயம் நின்றுபோகும். அமெரிக்காவில் 2005-ல் இரண்டு குழந்தைகள் அப்படி இறந்தார்கள். ஒரு குழந்தைக்கு அதை ஏற்றியது ஆட்டிசத்துக்காக.

அப்படியானால் கொடுக்கு மருந்தே வேண்டாமா? அப்படிச் சொல்பவர்கள் நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தங்கத் தாதுவில் ஈயம் மிகுதி. மாவரைக்கும் இயந்திரத்தில், வீட்டு முற்றத்திலேயே தாதுவை அரைத்தார்கள். தூசி பிள்ளைகள் தவழும் தரையில் படிந்தது. 2010-ல் விஷயம் வெளியே தெரிந்தபோது, முதலில் ஆராய்ந்த இரண்டு ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அதற்கு முந்தைய ஓராண்டில் இறந்திருந்தார்கள். பிழைத்திருந்தவர்களில் பரிசோதித்த கிட்டத்தட்ட எல்லோருக்கும் ரத்த ஈயம் 45-க்கு மேல். வலிப்பும் மயக்கமுமாகக் கிடக்கும் குழந்தையின் ரத்தத்திலிருந்து ஈயத்தை இறக்குவது உயிரைக் காப்பது. அங்கே இந்த மருந்துக்கு மாற்று கிடையாது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு முதல் ஓராண்டிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு சக்ஸிமர் கொடுத்தது.

அந்த அமைப்பு ஒரு நிபந்தனை வைத்திருந்தது: மேல்மண்ணை அள்ளி அப்புறப்படுத்தி, நல்ல மண் கொட்டிய ஊர்களில்தான் சிகிச்சை. பார்க்கக் கொடுமையாகத் தெரியும் முடிவுதான். ஆனால் காலையில் மருந்து இறக்கிய ஈயத்தை மாலையில் முற்றத்து மண் ஏற்றிவிடும் என்றால், அந்தச் சிகிச்சை குழந்தைக்கு எதைத் தரும்? பகேகா என்ற ஊரில் துப்புரவுக்கான அரசுப் பணம் நெடுநாள் வரவில்லை. 2013-ல் பணம் வந்து மண்ணை அள்ளி முடித்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மருந்து அதற்குப் பிறகுதான் கிடைத்தது.