ஒரு செம்பருத்தி, நான்கு படங்கள்

வீட்டு வேலியோரம், பள்ளி வளாகம், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் என நாம் தினமும் கடந்துபோகும் பூ செம்பருத்தி. 1960ஆம் ஆண்டில் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட இந்த 'புங்கா ராயா', நம் பையில் கிடக்கும் சில்லறைக் காசிலும் இருக்கிறது. கைப்பேசியில் இதைப் படம் பிடிக்காத மாணவர்கள் குறைவு. பிடித்த படத்துக்கு ஏதாவது ஒரு ஃபில்டரைப் போட்டு, புலனத்தில் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம்.

ஃபில்டரைத் தட்டும்போது, செயலியை உருவாக்கியவர் ஏற்கெனவே எடுத்துவைத்த முடிவை நாம் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். அந்த முடிவுகளை நாமே எடுத்தால் என்ன? ஒரே செம்பருத்திப் படத்தை நான்கு பாணிகளில் மாற்றிப் பாருங்கள். ஒரு விடுமுறைநாள் காலைப்பொழுது போதும். ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலியே தாராளம்.

மூலப்படம் முக்கியம்

செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும். ஆகவே, வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள். பின்னணியில் பச்சை இலைகள் நிறைந்திருப்பது நல்லது.

சிவப்புப் பூவில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அளக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு. வெளிச்சம் கூடினால் சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். அந்த இடத்தில் இதழின் நரம்பும் மடிப்பும் மறைந்து, சாயம் பூசியதுபோல் ஆகிவிடும். மறைந்துபோன நுணுக்கத்தை எந்தச் செயலியாலும் முழுமையாக மீட்க முடியாது. எனவே, திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு எடுங்கள். மூலப்படத்தை அப்படியே பத்திரப்படுத்தி, அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

1. கண்ணில் பட்டபடி

முதல் பாணி, பூவை நேரில் பார்த்தபடியே காட்டுவது. தேவையற்ற ஓரங்களை வெட்டுங்கள். நிழற்பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள். நிறச்செறிவைக் கூட்டாதீர்கள், முடிந்தால் சிறிது குறைத்துப் பாருங்கள். நரம்புகள் தெளிவதைக் காண்பீர்கள். அழகாக்க ஆசைப்பட்டு நிறத்தை ஏற்றினால் பூ பிளாஸ்டிக் பூவாகிவிடும்.

2. கறுப்பு வெள்ளை

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹம், பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டு வீட்டிலிருந்த காலத்தில் தம் தோட்டத்துச் செடிகளையே படமெடுத்தார். 1925இல் அவர் மிக நெருக்கத்தில் எடுத்த மக்னோலியாப் பூவின் படம் இன்றும் பேசப்படுகிறது. அதில் நிறமே இல்லை. பூவின் வடிவம் மட்டும் நம்மை நிறுத்திவைக்கிறது.

உங்கள் செம்பருத்தியையும் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அந்தக் கருவியிலேயே வண்ண ஃபில்டர்கள் இருக்கும். சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் பூ வெளுத்து, இலைகள் இருண்டுபோகும். பச்சையைத் தேர்ந்தெடுத்தால் பூ இருண்டு, இலைகள் வெளுக்கும். ஒன்றில் பூ விளக்குபோல் ஒளிர்கிறது. மற்றதில் இரவுபோல் கனக்கிறது. இரண்டும் ஒரே படம்தான். எதைச் சொல்ல விரும்புகிறீர்கள் என்பதை வைத்துத்தான் எது சரி என்று முடிவு செய்ய முடியும்.

3. நீலப் படம்

1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 'சயனோடைப்' என்னும் அச்சுமுறையைக் கண்டறிந்தார். மருந்து தடவிய தாளின்மேல் பொருளை வைத்து வெயிலில் காட்டி, நீரில் அலசினால் பொருள் மறைத்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் ஆழ்ந்த நீலமாகவும் மாறும். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியல் ஆர்வலர், கடற்பாசிகளை இம்முறையில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களைக் கொண்ட முதல் நூலாக அது கருதப்படுகிறது.

இதைக் கைப்பேசியில் செய்வது எளிது. இரண்டாம் பாணியில் பூ வெளுத்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கர்வ்ஸ்' கருவியில் நீல நிறக் கோட்டைத் தேர்ந்து, அதன் இடது முனையை மட்டும் மேலே இழுங்கள். இருண்ட பகுதிகளில் நீலம் படியும். பூ வெளுத்தே இருக்கும்.

4. பாப் கலை

நான்காவது பாணி துள்ளலானது. கணினியில் 'ஜிம்ப்' என்னும் இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, 'போஸ்டரைஸ்' கட்டளையால் நிறங்களின் எண்ணிக்கையைச் சுருக்குங்கள். நுணுக்கங்கள் மறைந்து, தட்டையான வண்ணத் திட்டுகள் மிஞ்சும். பிறகு அதே படத்தை மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு என மாற்றி நான்கு கட்டங்களில் அடுக்குங்கள். பார்த்ததும் ஆண்டி வார்ஹோல் நினைவுக்கு வருவார்.

பூ யாருடையது?

வார்ஹோலின் புகழ்பெற்ற 'ஃபிளவர்ஸ்' ஓவியங்கள் 1964இல் உருவானவை. அவற்றில் இருப்பதும் நம் செம்பருத்தி இனப் பூக்கள்தான். ஆனால், அந்தப் பூக்களை வார்ஹோல் படமெடுக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் மாத 'மாடர்ன் ஃபோட்டோகிராஃபி' இதழில் பெட்ரிஷியா கால்ஃபீல்ட் எடுத்த செம்பருத்திப் படம் வெளியாகியிருந்தது. ஒரே படம் வெவ்வேறு வண்ண அமைப்பில் எப்படி மாறும் என்று காட்டவே அதை அச்சிட்டிருந்தார்கள். வார்ஹோல் அதை வெட்டி, மாற்றி, தம் ஓவியத்துக்குப் பயன்படுத்தினார். அனுமதி கேட்கவில்லை. 1966இல் கால்ஃபீல்ட் வழக்குத் தொடுத்தார். விவகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. பின்னாளில் வார்ஹோல் தாமே எடுத்த புகைப்படங்களை அதிகம் பயன்படுத்தினார்.

வார்ஹோலின் மாற்றத்தில் கற்பனை இருந்தது உண்மைதான். ஆனால், கால்ஃபீல்டின் உழைப்பும் அதே அளவுக்கு உண்மை. இன்று இணையத்தில் கிடைக்கும் பூப்படத்தை எடுத்து, நிறத்தை மாற்றிவிட்டு, 'என் படைப்பு' என்று பள்ளிப் போட்டிக்கு அனுப்புவதும் இதேபோன்றதுதான். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் புகைப்படமும் ஒரு கலைப்படைப்பே. பதிவு செய்திருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிறத்தை மாற்றினாலும் படம் நமதாகிவிடாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். காட்சிக்கலைப் பாடத்தில் ஊதாச் செம்பருத்தியை ஒட்டினால் ஆசிரியர் பாராட்டலாம். அதையே உயிரியல் ஆய்வறிக்கையில் ஒட்டினால் அது தவறான தகவல். அங்கே படம் ஒரு சான்று. எந்த இடத்தில், யாருக்காகப் படத்தைக் காட்டுகிறோம் என்பதுதான் எவ்வளவு மாற்றலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

நான்கு படங்களும் தயாரானதும், மூலப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன். அந்த வரியைத் தயங்காமல் எழுத முடிந்தால் படம் உங்களுடையது. எழுத முடியாவிட்டால், நாளைக் காலை அதே செடியில் இன்னொரு பூ மலரும், மீண்டும் தொடங்கலாம்.