ஓவர்கிளாக் செய்ய ரேம் தடையா?

எந்தக் காலத்து ப்ராசசர் என்பதைப் பொறுத்தது.

என் பழைய கோர் 2 டுயோ இ6300-ஐயே எடுத்துக்கொள்வோம். பஸ் வேகம் 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 7. பெருக்கினால் 1.86 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை ஏற்ற முடியாதபடி பூட்டியிருந்தார்கள். பஸ் வேகத்தைத்தான் கூட்டணும். அதைக் கூட்டினால் ரேமின் வேகமும் கூடவே ஏறும்.

பஸ்ஸை 400-க்குக் கொண்டுபோனேன். 2.8 கிகாஹெர்ட்ஸ்! ஆனால் என்னிடம் இருந்தது டிடிஆர்2-667. அதற்கு 333 மெகாஹெர்ட்ஸ் வரைதான் உத்தரவாதம். ரேமை மட்டும் பஸ்ஸை விட மெதுவாக ஓட்ட என் மதர்போர்டில் வழியில்லை.

விண்டோஸ் பூட் ஆச்சு. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன். கேமராவிலிருந்து குடும்பப் படங்களை காப்பி செய்துவிட்டு கார்டையும் அழித்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால் பல படங்கள் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மெம்டெஸ்ட் ஓட்டினேன், திரை முழுக்கச் சிவப்பு வரிகள். பஸ்ஸை 333-க்கு இறக்கியதும் ஒரு பிழைகூட இல்லை. அதாவது 2.33 கிகாஹெர்ட்ஸ்தான் என் எல்லை. அதை வைத்தது ப்ராசசர் இல்லை, ரேம்.

2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் 'கே' வகைகளில் பெருக்கிக்குப் பூட்டு கிடையாது. 100 × 45 என்று வைத்தால் 4.5 கிகாஹெர்ட்ஸ். ரேம் பாட்டுக்குத் தன் வேகத்தில் ஓடும். அங்கே தடை சூடும் வோல்டேஜும்தான்.

பழைய கணினியில் கை வைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பூட் ஆவது தேர்ச்சி இல்லை. ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடட்டும். அதற்குப் பிறகு படங்களை காப்பி செய்யுங்கள்.