கையொப்பம் இடும் முன்: பிள்ளையின் சிகிச்சையில் முடிவெடுப்பவர் யார்?

பிள்ளைக்கு உடனே அறுவைச் சிகிச்சை தேவை என்று சொன்னதும் பல தாய்மார்கள் முதலில் கேட்பது நோயைப் பற்றி அன்று. "அவங்க அப்பா ஊரில் இல்லையே, நான் கையெழுத்துப் போடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். தந்தை வளைகுடா நாட்டில் வேலையில் இருப்பார். அல்லது லாரியுடன் வடமாநிலம் சென்றிருப்பார். அவருடைய தொலைபேசி கிடைக்கும்வரை படிவம் மேசையிலேயே கிடக்கும்.

சில நோய்கள் இந்தக் காத்திருப்பைப் பொறுத்துக்கொள்ளும், சில பொறுக்கா. சிறுவனுக்கு விரை முறுக்கிக்கொண்டால் ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். அதன்பின் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு விரைவாகக் குறைந்துவிடும். வலி தொடங்கி, வீட்டில் பொறுத்துப் பார்த்து, மருத்துவமனையை வந்தடைவதற்குள்ளாகவே அந்த நேரத்தில் பாதி கழிந்திருக்கும். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

தாயின் கையொப்பம் போதும்

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிமுறைகளின்படி, 18 வயது நிறையாத நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை செய்யுமுன் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ எழுத்து வடிவில் ஒப்புதல் பெற வேண்டும். தந்தைதான் கையொப்பமிட வேண்டும் என்று அவ்விதி கூறவில்லை.

இந்துக் குடும்பங்களுக்கான 1956ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம், தந்தையையும் "அவருக்குப் பின்" தாயையும் இயற்கைப் பாதுகாவலராகக் குறிப்பிடுகிறது. தந்தை இறந்த பிறகே தாய்க்கு அந்த உரிமை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது என 1999இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தந்தை அருகில் இல்லாதபோதும், பொறுப்பை ஏற்காதபோதும் தாயே பாதுகாவலர்.

கணவன் மனைவி பிரிந்து வாழ்ந்து, பிள்ளையின் பொறுப்பைப் பற்றி நீதிமன்ற ஆணை இருந்தால் அதன் நகலைக் கொண்டுவாருங்கள். பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டு வெளியூர் செல்லும் பெற்றோர், சிகிச்சைக்கு அவர்கள் ஒப்புதல் தரலாம் என்று கையொப்பமிட்ட கடிதம் ஒன்றையும் தங்கள் தொலைபேசி எண்களையும் வீட்டில் வைத்துச் செல்லுங்கள்.

எதற்கு ஒப்புதல் தருகிறீர்கள்?

கையொப்பம் மட்டுமே ஒப்புதல் ஆகிவிடாது. போதிய விவரங்களை அறிந்து தருவதே ஒப்புதல் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலைக் கொண்டு, உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்பட்டாலன்றி, வேறொரு சிகிச்சையைச் செய்யக் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. எனவே கையொப்பமிடுமுன் இவற்றைக் கேளுங்கள்:

• பிள்ளைக்கு என்ன நோய்? எந்தச் சிகிச்சையைச் செய்யப் போகிறீர்கள்?
• அதனால் என்ன பயன்?
• வேறு வழி உண்டா?
• என்னென்ன ஆபத்துகள் நேரக்கூடும்?
• இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?

இவற்றுக்கு உங்களுக்குப் புரியும் தமிழில் விடை சொல்வது எங்கள் கடமை. புரியவில்லை என்றால் மீண்டும் கேளுங்கள். எந்த மருத்துவரும் அதைக் குறையாகக் கருதலாகாது. வேறொரு மருத்துவரின் கருத்தை அறிய விரும்பினால் மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்கலாம். கேட்ட 72 மணி நேரத்திற்குள் அவற்றைத் தர வேண்டும் என்பதும் 2002 விதிமுறைகளில் உள்ளது.

யாருமே அருகில் இல்லாதபோது

பள்ளியிலிருந்தோ சாலை விபத்திலிருந்தோ பிள்ளையை அயலார் தூக்கிவருவதுண்டு. பெற்றோரை உரிய நேரத்தில் தொடர்புகொள்ள இயலாத நிலையில், பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் அவசரச் சிகிச்சைக்கு ஒப்புதல் இல்லாதது தடையன்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. காயமுற்றவரின் உயிரைக் காப்பதே முதற்கடமை, காவல்துறை நடைமுறைகளுக்காக அதைத் தாமதிக்கலாகாது என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

மறுக்கும் உரிமையும் அதன் எல்லையும்

விளக்கங்களைக் கேட்டபின் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. அதனால் நேரக்கூடிய விளைவுகளை விளக்கி, உங்கள் முடிவை எழுத்தில் பெற்றுக்கொள்வோம். ஆனால் இந்த உரிமை பிள்ளையின் நலனுக்காகவே பெற்றோரிடம் தரப்பட்டது. குணப்படுத்தக்கூடிய நோயால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உதவியை மருத்துவர்கள் நாடலாம். பெற்றோரைத் தண்டிப்பது இதன் நோக்கமன்று. பெரும்பாலும் அச்சமும் பணக் கவலையுமே மறுப்புக்குக் காரணமாகின்றன. அவற்றை மனம்விட்டுச் சொன்னால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்ற வழிகளைச் சேர்ந்து தேடலாம்.

பிள்ளையையும் கேளுங்கள்

12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் ஒப்புதலைக் குற்றவியல் சட்டம் பொதுவாக ஒப்புதலாக ஏற்பதில்லை. அதற்கு மேல் 18 வரை உள்ளவர்களுக்கும் நடைமுறையில் பெற்றோரின் கையொப்பத்தையே பெறுகிறோம். ஆயினும் ஊசியும் தையலும் பிள்ளையின் உடலில்தான். "ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்று சொல்லி உள்ளே அனுப்பப்பட்ட பிள்ளை, அடுத்த முறை யாரையும் நம்பாது. தூங்க வைப்பார்கள், விழிக்கும்போது வலி இருக்கும், அதற்கு மருந்து தருவார்கள் என்று உண்மையையே அதன் வயதுக்கேற்ற சொற்களில் கூறுங்கள். வளர்ந்த பிள்ளை மருத்துவரிடம் தனியே பேச விரும்பினால் சற்று வெளியே காத்திருங்கள்.

படிவத்தில் பிள்ளை கையொப்பமிட இடம் இருப்பதில்லை. அதற்கு வேண்டியது என்ன என்று கேட்டு, அதை எங்களிடம் சொல்லக்கூடியவர் நீங்களே.